கொத்துக்கறிச் சோறும் கொதிகலன் பாடமும்

ரயில்வேயில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சங்க மலருக்கு எழுதினால் எஞ்சினைப் பற்றி எழுதுவான், அல்லது வண்டி ஏன் தாமதமாக வருகிறது என்று சமாதானம் சொல்லி எழுதுவான் என்றுதான் வாசக அன்பர்கள் நினைப்பீர்கள். நான் எழுதப்போவது ஒரு சமையலைப் பற்றி. பெண்மணிகள் சிரிக்கலாம். ஆனால் இக்கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு அல்ல. என் வயதை ஒட்டிய ஆண்களுக்கு. தில்லியில் நாற்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தியும், வீட்டில் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் நம்மில் பலர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் 2022 ஏப்ரல் வரை நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அந்த மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிள்ளைகள் வெளியூரில். முதல் வாரம் டிபன் கேரியர் சாப்பாடு வரவழைத்தோம். காரமும் எண்ணெயும் இருவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் அவள் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் அடுப்படியில் நின்றேன். சாம்பார், பொரியல், ரசம் என்று மூன்று பாத்திரத்தை ஒரே நேரத்தில் கவனிப்பது, ஒற்றைப் பாதையில் மூன்று வண்டிகளை விடுவது போல இருந்தது. அப்போதுதான் பணிக்காலத்தில் ரன்னிங் ரூமில் சாப்பிட்ட ஒரு சோறு நினைவுக்கு வந்தது.

எஞ்சின் ஓட்டி வரும் டிரைவர், ஃபயர்மேன் முதலானோர் அடுத்த வண்டி வரும்வரை தங்கும் விடுதிக்கு ரன்னிங் ரூம் என்று பெயர். வந்தவர்கள் பையில் கொண்டு வந்த அரிசியையும் பருப்பையும் கறியையும் அங்குள்ள சமையற்காரர் வாங்கிச் சமைத்துக் கொடுப்பது அக்கால வழக்கம். ஒரு கடுவாலி சமையற்காரர், கீமாவையும் அரிசியையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, அரைமணி முக்கால்மணி நேரத்தில் இறக்கிவிடுவார். "ஒரே பாத்திரம் சாஹப், கழுவுவதும் ஒரே பாத்திரம்" என்பார். அந்தச் சோற்றை என் மனைவியின் யோசனைகளோடு நம் வீட்டுப் பக்குவத்துக்குக் கொண்டு வந்தேன். அதன் செய்முறையையும், அதைவிட முக்கியமாக அதன் காரண காரியத்தையும் இங்கே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் அளவு மறந்தாலும் சமாளிக்கலாம். காரணம் தெரியாததால் நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கீமாவும் கைமாவும்

நாம் கொத்துக்கறி என்பதைத் தில்லியில் கீமா என்கிறார்கள். நம் ஊர் முஸ்லிம் அன்பர்கள் வீட்டில் கைமா என்பதும் அதுதான். வெட்டுதல், பொடியாக நறுக்குதல் என்ற பொருளுள்ள துருக்கிச் சொல்லிலிருந்து வந்தவை இவை. அரிசியோடு சேர்த்துச் சமைப்பதும் புதிதல்ல. அக்பரின் அரசவையில் இருந்த அபுல் பசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'அயினி அக்பரி'யில் அரண்மனைச் சமையல் பட்டியல் ஒன்று உண்டு. அதில் கீமா புலாவ் இடம் பெறுகிறது. அரிசி, கறி, நெய், கடலை, வெங்காயம், இஞ்சி, மிளகு, சீரகம், ஏலக்காய், கிராம்பு ஆகியவை அதற்கான பொருள்கள். தக்காளியும் மிளகாயும் அதில் இல்லை. அவை இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்பாடு நம் அடுப்படிக்கு வந்தவை. ஆக, நான் சொல்லப்போவது அரண்மனையில் தொடங்கி ரன்னிங் ரூம் வரை வந்து சேர்ந்த ஒரு பண்டம்.

சீக்கிரம் வேகும், சீக்கிரம் கெடும்

கொத்துக்கறி ஏன் விரைவில் வேகிறது? இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும்.

8 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரக் கறித்துண்டை எண்ணிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். அதற்கு ஆறு முகங்கள்; மொத்தப் பரப்பு 384 சதுர சென்டிமீட்டர். அதையே 4 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு துண்டுகளாகக் கொத்தினால் 8,000 துண்டுகள் கிடைக்கும். எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் 7,680 சதுர சென்டிமீட்டர். கறியின் எடை மாறவில்லை. பரப்பு மட்டும் 20 மடங்கு ஆகிவிட்டது. வெப்பம் பரப்பின் வழியாகத்தானே உள்ளே போகிறது?

அடுத்தது பருமன். ஒரு பொருளின் நடுவரை வெப்பம் சென்று சேர ஆகும் நேரம், பருமனின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். 4 சென்டிமீட்டர் துண்டு, 4 மில்லிமீட்டர் துண்டைவிடப் பத்து மடங்கு பருமன் என்றால், நடுப்பகுதி சூடாக அதற்கு ஏறத்தாழ நூறு மடங்கு நேரம் வேண்டும். தவிர, ஆட்டுக்கறியை மெல்லக் கடினமாக்குவது நீளமான தசைநார்களும் அவற்றைப் பிணைக்கும் சவ்வுகளும். கறியை நெடுநேரம் வேகவைப்பது அவற்றைத் தளர்த்தத்தான். கொத்துக்கறியில் கத்தியே அந்த நார்களை வெட்டிப் போட்டுவிடுவதால் நெருப்புக்குப் பாதி வேலை மிச்சம்.

இதுவரை எல்லாம் இலாபக் கணக்கு. அதே கணக்கில் ஒரு நட்டமும் இருக்கிறது. முழுத் துண்டாக இருக்கும்போது கிருமிகள் பெரும்பாலும் கறியின் வெளிப்புறத்தில் இருக்கும். வெளிப்புறம் சுட்டால் அவை செத்துவிடும். கொத்தும்போது வெளிப்புறம் எல்லாம் உட்புறமாகி, கத்தி, பலகை, இயந்திரம் ஆகியவற்றில் இருப்பதும் சேர்ந்து முழுவதும் கலந்துவிடுகிறது. அவை தங்கிப் பெருக 20 மடங்கு இடமும் கிடைக்கிறது. கொத்துக்கறி விரைவில் வேகும் காரணமும் விரைவில் கெடும் காரணமும் ஒன்றுதான். அமெரிக்க வேளாண்மைத் துறை, ஆடு மாடு போன்றவற்றின் முழுத் துண்டுக் கறிக்கு உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ் போதும் என்றும், கொத்திய கறிக்கு 71 டிகிரி வேண்டும் என்றும் சொல்வது இதனால்தான். 1993இல் அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத கொத்திய மாட்டுக்கறியை உணவகங்களில் தின்று 700 பேருக்கு மேல் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகே அங்கு விதிகள் இறுகின.

என் தவறு

மாவுக்கட்டின் நான்காவது வாரம். மே மாதம். அதற்கு முன் இரண்டு தடவை இந்தச் சோற்றைச் செய்து பாராட்டு வாங்கிவிட்ட தைரியம் எனக்கு. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கீமா வாங்கி, ஸ்கூட்டரின் டிக்கியில் வைத்தேன். பிறகு வங்கிக்குப் போனேன். ஒரு நண்பரைப் பார்த்தேன். மருந்துக் கடைக்குப் போனேன். வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாள். வீடு திரும்ப இரண்டு மணி ஆயிற்று. பையை மேடைமீது வைத்து, சற்றுப் படுத்து எழுந்து, அதன் பிறகே ஃபிரிட்ஜில் வைத்தேன். இரவில் சமைத்தேன். மிஞ்சிய சோற்றை மூடி மேடைமீதே வைத்துவிட்டு, மறுநாள் மதியம் சூடுபடுத்தி இருவரும் சாப்பிட்டோம்.

அன்று இரவே வாந்தியும் பேதியும் தொடங்கின. எனக்கு ஒரு நாளில் சரியாகிவிட்டது. அவளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் குளுக்கோஸ் ஊசி. தண்ணீர் டம்ளரைப் பிடிக்கக்கூடக் கை இல்லாமல் அவள் படுத்திருந்ததைப் பார்த்தபோது, இவளுக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று நாலு பேரிடம் பெருமை பேசியதை எல்லாம் நினைத்துக்கொண்டேன். டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "நன்றாகத்தானே வேகவைத்தேன் டாக்டர், குக்கரில்?" என்றும் கேட்டேன்.

அங்குதான் பாடம். கிருமியைக் கொல்வது வேறு, கிருமி கக்கிய நஞ்சை அழிப்பது வேறு. சில கிருமிகள் உணவில் பெருகும்போதே நஞ்சை வெளிவிடுகின்றன. அவற்றில் சில நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அரிசியிலும் ஒரு கிருமி உண்டு. பாசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அதன் வித்துகள் சோறு வேகும் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். மறுநாள் சூடுபடுத்தினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. ஆக நான் ஒரே பண்டத்தில் இரண்டு இடத்தில் தவறு செய்தேன்: சமைக்கும் முன் கறியையும், சமைத்த பின் சோற்றையும் வெளியில் காய விட்டேன். இரண்டில் எது எங்களைத் தாக்கியது என்று தேடுவதில் பயனில்லை; இரண்டையும் அடைப்பதே வழி.

அதற்குப் பிறகு நான் கைக்கொள்ளும் விதிகள் இவை.

கறிக்கடைதான் கடைசிக் கடை. மற்ற வேலைகளை முடித்துவிட்டு, அங்கிருந்து நேரே வீடு. தொடையான ரான் அல்லது முன்காலின் மேற்பகுதியிலிருந்து துண்டாக வெட்டச் சொல்லி, கழுவுவதாக இருந்தால் கொத்துவதற்கு முன் கழுவித் துடைக்கச் சொல்லி, கண் முன்னே கொத்தி வாங்குவேன். முன்பே கொத்திக் குவித்து வைத்ததை வாங்குவதில்லை. கையால் கொத்தியது சற்றுப் பெரிதாக இருக்கும், கடிக்க நன்றாக இருக்கும். இயந்திரத்தில் விட்டது மசியும், சீக்கிரம் வேகும். இரண்டும் சரிதான். கோடையில் ஓர் எவர்சில்வர் டப்பாவும் ஐஸ் பொட்டலமும் கொண்டு போவேன். சமைக்காத கறியோ சமைத்த சோறோ ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரிக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரம்தான். தில்லியில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய கொத்துக்கறியை அன்றே சமைத்துவிட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பாலைப் போல நடத்துங்கள். காய்ச்சாத பாலை யாராவது டிக்கியில் வைத்துக்கொண்டு மே மாதத்தில் ஊர் சுற்றுவார்களா?

அரிசியும் தண்ணீரும்

இந்தச் சோற்றுக்குப் பாசுமதி பொருந்தும். தில்லிக்காரர்கள் பெருமைப்படலாம், இன்று உலகெங்கும் போகும் பாசுமதி இரகங்களில் பல நம் ஊர் பூசா வளாகத்தில் பிறந்தவை. வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் முதலில் பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்தது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அங்குள்ள கட்டடம் சேதமடைந்ததால் 1936இல் தில்லிக்கு மாறியது. பெயரையும் உடன் கொண்டு வந்துவிட்டது. அங்கு உருவான பூசா பாசுமதி 1 என்ற குட்டை இரகம் 1989இல் வெளியானது. அதற்குப் பின் 2003இல் வந்த பூசா 1121 வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் நீளும்.

ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேட்டால் ஒருவர் ஒன்றரை என்பார், ஒருவர் இரண்டு என்பார். இருவரும் அவரவர் பாத்திரத்துக்குச் சரி. பாசுமதி தனக்கென உறிஞ்சிக்கொள்ளும் தண்ணீர் ஏறத்தாழ அதன் அளவுக்குச் சமம். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் ஆவியாகப் போகிற பங்கு. வாயகன்ற பாத்திரமும் இடுக்கு உள்ள மூடியும் என்றால் நிறையப் போகும். குக்கரில் விசில் வரும்வரை சிறிதளவே போகும்.

எனவே ஒன்றரை டம்ளர் அரிசிக்கு, அரிசியின் பங்கு ஒன்றரை, ஆவியின் பங்கு அரை, மொத்தம் இரண்டு டம்ளர். இப்போது விருந்தினர் வந்துவிட்டார்கள், மூன்று டம்ளர் அரிசி போடுகிறீர்கள் என்றால் நான்கு டம்ளர் ஊற்றலாமா? கூடாது. அரிசியின் பங்கு மூன்றாகும். ஆவியின் பங்கோ அதே குக்கர், அதே ஒரு விசில் என்பதால் இரட்டிப்பதில்லை. மூன்றரை போதும். இருவருக்குச் செய்யும்போது உதிரியாக வரும் சோறு, எட்டுப் பேருக்குச் செய்யும்போது குழைவதன் இரகசியம் இதுதான்.

குக்கர் என்னும் கொதிகலன்

டிப்ளமா முடித்து வேலையில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நீராவி எஞ்சின் ஷெட்டில் இருந்தவன் நான். பிறகு டீசலுக்கு மாற்றினார்கள். குக்கரைத் தொட அஞ்சும் ஆண்களுக்கு நான் சொல்வது, அது ஒரு சிறு கொதிகலன். அதுவும் மிகச் சாதுவானது என்பதே. வண்டிகளை இழுத்த டபிள்யூ.பி. எஞ்சின் கொதிகலனில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. குக்கரில் ஏறத்தாழ 15 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி வரை சூடேறும். அதுவே விரைவில் வேகும் காரணம்.

உண்மையில் எஞ்சினுக்குக் குக்கர்தான் அண்ணன். பிரான்சு நாட்டுத் தெனி பாப்பின் 1679இல் இலண்டனில் எலும்பையும் வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார். அது வெடிக்காமல் இருக்க நெம்புகோலும் எடைக்கல்லும் கொண்ட வால்வையும் அமைத்தார். 1682இல் இராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார்கள். நீராவி மூடியைத் தூக்குவதைக் கண்ட அவர், 1690இல் உருளையும் பிஸ்டனும் வைத்து நீராவியால் இயங்கும் கருவியின் யோசனையை வெளியிட்டார். நம் குக்கரின் தலையில் ஆடும் வெயிட், அவர் வைத்த எடைக்கல்லின் வாரிசு.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. எஞ்சினின் தீப்பெட்டிக் கூரையில் ஈயம் நிரப்பிய திருகு இருக்கும்; ஷெட்டில் லெட் பிளக் என்போம். கூரைமேல் தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி தீயின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். உருக விட்ட டிரைவருக்கு விளக்கக் கடிதம் நிச்சயம். குக்கர் மூடியில் உள்ள சேஃப்டி வால்வும் அதே தத்துவம்தான்: தண்ணீர் வற்றியோ குழாய் அடைத்தோ சூடு மிஞ்சினால் அதிலுள்ள கலப்பு உலோகம் உருகி வழி விடும். ஆகவே அது போனால் அந்தக் கம்பெனியின் வால்வையே வாங்கிப் போடுங்கள். ரூபாய் மிச்சம் பார்த்துப் போலியை மாட்டாதீர்கள். மூடுமுன் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும். அரிசி சமைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அழுத்தம் தானே இறங்குமுன் மூடியோடு மல்லுக்கட்டாதீர்கள். இவ்வளவுதான் ஷெட்டின் விதிமுறை.

செய்முறை

மூவருக்கு, மூன்று லிட்டர் குக்கரில்: கொத்துக்கறி 300 கிராம், பாசுமதி ஒன்றரை டம்ளர், பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, தயிர் இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு, பிரிஞ்சி இலை ஒன்று, சோம்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால், மிளகாய்த்தூள் ஒன்று, மல்லித்தூள் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, புதினா, கொத்துமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சை அரை மூடி. சோம்பு என் மனைவியின் சேர்க்கை. அது இல்லாவிட்டால் கீமா புலாவ், இருந்தால் கொத்துக்கறிச் சோறு என்பது அவள் தீர்ப்பு.

7.30 மணி. அரிசியைக் களைந்து ஊறவையுங்கள். வெங்காயம், தக்காளியை நறுக்குங்கள்.

7.40. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை, சோம்பு. பிறகு வெங்காயமும் பச்சை மிளகாயும். பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்குங்கள். எட்டு நிமிடம் ஆகும், அவசரம் வேண்டாம்.

7.50. இஞ்சி பூண்டு விழுதைப் போட்டு, பச்சை வாசனை போனதும் கொத்துக்கறி. மரக்கரண்டியால் கட்டிகளை உடைத்துக்கொண்டே இருங்கள். கறி உடனே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி வெறுமனே அவியும். தண்ணீர் வற்றிய பிறகே அது வறுபட்டு நிறமும் மணமும் பெறும். பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து மசாலாவைக் கொட்டிவிடுவார்கள்; கடைசியில் கவிச்சி அடிக்கிறது என்பார்கள். எப்போது வற்றியது என்று காதால் அறியலாம். முதலில் சளசள என்ற சத்தம். பிறகு சடசட என்று மாறும். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஒருவர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டு போவாரே, அவரும் காதால்தான் சோதித்தார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

8.02. இப்போது தூள்கள், அரை நிமிடம் கழித்துத் தக்காளி, தயிர், புதினாவில் பாதி. தக்காளி கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்குங்கள்.

8.07. இரண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டு, அடியில் ஒட்டியிருப்பதை எல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். இது முக்கியம். ஒட்டிய மசாலாவை அப்படியே விட்டு மூடினால் அடிப்பிடிக்கும். கொதித்ததும் ஊறிய அரிசியை வடித்துச் சேர்த்து, ஒரு தடவை மெதுவாகக் கிளறி மூடுங்கள். தீ பெரிதாகவே இருக்கட்டும்.

8.12 அளவில் ஒரு விசில் வரும். உடனே அடுப்பை அணையுங்கள். வெயிட்டைத் தூக்காதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் மீதி வேக்காடு தானே நடக்கும். பத்து நிமிடத்தில் அழுத்தம் இறங்கும். திறந்து, முள்கரண்டியால் ஓரத்திலிருந்து புரட்டி, எலுமிச்சையும் கொத்துமல்லியும் சேர்த்தால் எட்டரைக்குள் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப்பச்சடி.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தில்லியில் பச்சைப் பட்டாணி இனிப்பாக இருக்கும். அரிசியோடு ஒரு கைப்பிடி போடலாம். பாசுமதி இல்லாமல் பொன்னிப் பச்சரிசி என்றால் ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீரும் இரண்டு விசிலும் வேண்டும். சோறு குழைவாக வரும், அதுவும் தனி ருசி. சைவ அன்பர்கள் கொத்துக்கறிக்குப் பதில் சோயா குருணையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து இதே முறையில் செய்யலாம். செவ்வாயன்றும் நவராத்திரியிலும் கறிக்கடைகள் பல மூடியிருக்கும்போது நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

மிஞ்சினால் என்ன செய்வது? மிஞ்சாத அளவு செய்வதே நல்லது. மிஞ்சியதைக் குக்கரோடு மூடி வைக்காதீர்கள். தட்டையான டப்பாவில் மெல்லிதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். முன்பு சொன்ன பருமனின் கணக்கு ஆறுவதற்கும் உண்டு: குவியலின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மறுநாள் ஒரு தடவை மட்டும், ஆவி பறக்கச் சூடுபடுத்திச் சாப்பிடுங்கள். இரவில் நெடுநேரம் மின்சாரம் போயிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். முந்நூறு கிராம் கறியின் விலையைவிட மருத்துவமனைச் செலவு அதிகம் என்பதை ரசீதோடு நான் காட்ட முடியும்.

கடைசியாக

என் மனைவியின் மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் இனி அடுப்படிப் பக்கம் போக மாட்டேன் என்றேன். அவள், "ஒரு எஞ்சின் ஃபெயில் ஆனா லைனையே மூடிடுவீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அன்று முதல் புதன்கிழமை இரவுச் சமையல் என்னுடையது.

என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், மனைவி காலமான பின் கிழக்குத் தில்லியில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் அயல்நாட்டில். ஒருநாள் போனபோது இரவுச் சாப்பாடு ரொட்டியும் பாலும் என்றார். இரண்டு ஆண்டுகளாக அதுவே என்றார். ஆயிரம் குதிரைச் சக்திக்கு மேற்பட்ட எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மனிதர். அடுப்படியில் குக்கர் பரண்மேல் கிடந்தது. இறக்கிக் கழுவி, புது கேஸ்கட் மாட்டி, அவர் எதிரிலேயே இந்தச் சோற்றைச் செய்து காட்டினேன். மறு வாரம் இரவு எட்டேகாலுக்கு அவரிடமிருந்து தொலைபேசி.

"விசில் வந்துடுச்சுய்யா. திறக்கலாமா?"

"அணைச்சாச்சா?"

"அணைச்சுட்டேன்."

"பத்து நிமிஷம் பொறுங்க."

பேசிக்கொண்டே இருவரும் பொறுத்தோம். பிறகு அவர் திறந்தார். சற்றுக் குழைந்துவிட்டது என்றார். தண்ணீர் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டேன். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு. அடுத்த முறை ஒன்றரை ஊற்றுங்கள் என்றேன்.

நம் சங்கத்தில் இவரைப் போல் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காகவே அளவுகளையும் நேரங்களையும் இவ்வளவு விரிவாக எழுதினேன். செய்து பார்த்து, குழைந்ததா உதிர்ந்ததா என்பதை அடுத்த கூட்டத்தில் சந்திக்கும்போது சொல்லுங்கள்.